மர லூருக்கு மேல்பூச்சு: எபாக்ஸியா, வார்னிஷா, யூவி ரெசினா?

"செதுக்கியாச்சு, உப்புத்தாள் போட்டாச்சு, பெயின்டும் அடிச்சாச்சு. இப்போ மேலே எதைப் பூசுறது?" மரத்தில் லூர் (மீனை ஏமாற்றிப் பிடிக்கும் செயற்கை இரை) செய்யத் தொடங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். போன வாரம் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பால்சா மரத்தில் ஆறு லூர்கள், வலைத்துணியை மேலே இழுத்துப் பிடித்து ஏர்பிரஷ்ஷில் அடித்த செதில்கள், முதுகில் கரும்பச்சை, வயிற்றில் வெள்ளை. அருமையான கைவேலை. மூன்று வாரமாகக் கம்பியில் தொங்குகின்றனவாம். எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைப்பது) வாங்குவதா, வார்னிஷில் முக்குவதா, புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் யூவி ரெசினுக்கு விளக்கு ஒன்று வாங்கிப் போடுவதா என்று முடிவு செய்ய முடியாமல் அப்படியே நிறுத்திவிட்டார்.

நான் ஆரம்பத்தில் செய்த லூர்களில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். திருப்பிப் பார்த்தால் வயிற்றுக் கொக்கி மாட்டும் வளையத்தைச் சுற்றி முடி கனத்தில் ஒரு விரிசல், அதன் இரண்டு பக்கமும் பெயின்ட் கொப்புளமாக உப்பி நிற்கிறது. நகத்தால் தொட்டால் உதிரும், உள்ளே மரம் கறுத்துப் போயிருக்கிறது. இத்தனைக்கும் நான் பூசியது நல்ல எபாக்ஸி, தாராளமாக இரண்டு கோட். தண்ணீர் பூச்சை உடைத்துக்கொண்டு போகவில்லை, வளையத்துக்காக நான் போட்ட துளை வழியாக நிதானமாக உள்ளே போய், மரத்தை உப்ப வைத்து, பூச்சை உள்ளிருந்து வெடிக்க வைத்திருக்கிறது. அதனால் எது கடினமான பூச்சு, எது அதிகம் மின்னும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: துளைகளை என்ன செய்தீர்கள், ஒரு தடவைக்கு எத்தனை லூர் செய்வீர்கள், எங்கே உட்கார்ந்து பூசப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பூச்சு பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, தண்ணீரைத் தடுப்பதும் மரத்தோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுப்பதும். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. பச்சை மரம் முழுக்க உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் பெரும்பாலான மரங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும், நீளவாக்கில் அது அரை சதவீதம்கூட வராது. அதனால்தான் லூரில் விரிசல் பெரும்பாலும் தலையிலிருந்து வால் நோக்கி ஓடுகிறது. ரொம்ப விறைப்பான பூச்சு இந்த இழுபறியில் தோற்கும்.

இரண்டாவது, அடி தாங்குவது. பாறை, மீனின் பல், எல்லாவற்றுக்கும் மேலாக லூரின் சொந்தக் கொக்கிகள். மும்முள் கொக்கி ஆடி ஆடி வயிற்றில் போடும் அரைவட்டக் கீறலைப் பார்த்திருப்பீர்கள், பல பூச்சுகள் அந்த இடத்தில்தான் சாகின்றன.

மூன்றாவது எடை. இதைப் பற்றிப் பேச்சு அதிகம், கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 9 செ.மீ. நீளம், நடுவில் 1.8 செ.மீ. தடிமன், இரண்டு பக்கமும் கூம்பிய ஓர் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுமார் 15 க.செ.மீ., மேற்பரப்பு சுமார் 40 ச.செ.மீ. வரும். சாதாரண பால்சாவில் இந்த உடல் இரண்டரை கிராம்கூட இருக்காது. அதைவிடக் கனமான பாஸ்வுட் மரம் என்றால் 6 கிராம். இதன்மேல் 0.3 மி.மீ. கனத்துக்கு எபாக்ஸி பூசினால் ஏறும் எடை 1.3 கிராமுக்கு மேல், அதாவது பால்சா உடலின் எடையில் பாதிக்கும் அதிகம். ஆனால் லூர் உடனே மூழ்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்தப் பூச்சும் தன் பங்குக்குத் தண்ணீரை விலக்குகிறது, எபாக்ஸி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அதனால் மிதப்பில் நிஜமாகக் குறைவது 0.2 கிராம் அளவுக்குத்தான். கெடுவது அசைவு. உடலின் வெளிப்பக்கம் முழுக்கக் கனம் ஏறினால் படபடவென்று துடிக்க வேண்டிய லூர் சோம்பேறித்தனமாக ஆடும். அதைவிட மோசம், பூச்சு ஒரு பக்கம் தேங்கி இறுகினால் லூர் சாய்ந்தே நீந்தும். தண்ணீருக்கு நடுவில் அப்படியே நிற்க வேண்டிய வகை லூராக இருந்தால் அந்த 0.2 கிராமும் ஆட்டத்தைக் கெடுக்கும்.

மற்றவை எளிது: தெளிவும் மஞ்சளிப்பும், காய ஆகும் நேரம், டப்பாவில் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும், உங்கள் நுரையீரலுக்கும் தோலுக்கும் என்ன செய்யும், அடிபட்டால் திரும்பப் பூச முடியுமா.

## எந்தப் பூச்சானாலும் தப்பிக்க முடியாத வேலை

ஒப்பீட்டுக்குப் போகும் முன் இதைச் சொல்லாமல் போனால் மீதி எல்லாம் வீண். கொக்கி வளையத்துக்கான துளை, எடைக்காக ஈயம் வைக்கும் குழி, லிப் தகடு (லூரை நீருக்குள் முங்கி ஆட வைக்க வாய்ப்பக்கம் நீட்டி நிற்பது) சொருகும் வெட்டு, அப்புறம் மூக்கும் வாலும். இந்த இடங்களில் மரத்தின் நார்க்குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன, தண்ணீர் குடிப்பது இங்கேதான். பெயின்டுக்கு முன்பே இவற்றை அடைத்துவிட வேண்டும். தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூவை இரண்டு சொட்டு துளைக்குள் விட்டு உறிஞ்ச விடுங்கள், காய்ந்த பிறகு திருகு வளையத்தைப் பசையோடு முறுக்குங்கள். பால்சாவாக இருந்தால் உடல் முழுக்கவே அந்தக் குளூவைத் தடவி ஊற வைக்கலாம், ஓடு கட்டியது போல இறுகும், நகம் பட்டாலும் குழி விழாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கண்ணைக் கரிக்கும் ஆவி வரும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அதை ஊற்றித் துடைக்கக் கூடாது, பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறிப் புகையும்.

லிப்புக்கான வெட்டைச் செதுக்கும் முன்பே, மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே போட்டுவிடுவது உத்தமம். எல்லாம் முடிந்த பிறகு பூச்சை அறுத்து லிப் சொருகுபவர்கள், தண்ணீருக்குத் தாங்களே கதவைத் திறந்து விடுகிறார்கள்.

மரம் காய்ந்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்றால் பூசும் முன் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆயில் வார்னிஷ் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

## எபாக்ஸி

ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்று இரண்டு பாகமாக வருவது. கடையில் இதே பெயரில் மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கும், அங்கேயே குழப்பம் ஆரம்பித்துவிடும். 5 நிமிடத்தில் இறுகும் பசையை மேல்பூச்சாக நினைக்கவே வேண்டாம், சமமாகப் பரவும் முன் இறுகிவிடும், தண்ணீரையும் அவ்வளவாகத் தாங்காது, சீக்கிரம் மஞ்சளிக்கும். 30 நிமிட வகைப் பசை கெட்டியானது, ஒரே கோட்டில் கனமான ஓடு கிடைக்கும், லிப் ஒட்டவும் அதுவே போதும். மேஜைப் பலகைகளின்மேல் ஊற்றுவதற்கென்று விற்கும் ரெசின் இன்னும் நீர்த்தது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் இரண்டு மெல்லிய கோட் தேவைப்படும், முழுக்க இறுக இரண்டு மூன்று நாள் ஆகும். பெரும்பாலான லூர்களுக்கு நான் எடுப்பது இதைத்தான்.

பல்லுக்கும் பாறைக்கும் எபாக்ஸிதான் ராஜா. சீலா மாதிரி வாய் முழுக்கக் கத்தி வைத்திருக்கும் மீனுக்குப் போகிறீர்கள் என்றால் வேறு யோசனையே தேவையில்லை. துளையின் வாயிலும் லிப்பின் ஓரத்திலும் லேசாக மெழுகியது போல ஒரு வரம்பு கட்டிக்கொண்டு நிற்கும், மற்றப் பூச்சுகளுக்கு அந்தக் கனம் வராது. ரப்பர் புழுக்களை (மெத்தென்ற பிளாஸ்டிக் இரைகள்) அதே பெட்டியில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மறைந்திருக்கும் செலவு நேரமும் பிசகும்தான். முதலில் சுழற்றும் மோட்டார். கெட்டியாகும் வரை லூர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 2 முதல் 6 சுற்று போதும். எனக்கு ஒரு ராத்திரி மோட்டாரின் பெல்ட் நழுவிவிட்டது. காலையில் பார்த்தால் நான்கு லூருக்கும் ஒரே பக்கத்தில் தொந்தி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய ஒரு முழு நாள் போனது, அதில் ஒன்றின் செதில் பெயின்டும் சேர்ந்தே போனது. ஒன்றிரண்டு லூர்தான் என்றால் மோட்டார் வாங்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சில நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டிக்கொண்டிருந்தாலே போதும், பூச்சு கெட்டியாகிவிட்டால் அப்புறம் ஓடாது.

அடுத்தது கலவை. ரெசினும் ஹார்டனரும் சம அளவு என்று டப்பாவில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் கன அளவு, எடை இல்லை. ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது, தராசில் சம எடை போட்டுக் கலந்தால் ஹார்டனர் அதிகமாகி, பூச்சு என்றைக்கும் விரல் ஒட்டும் பதத்திலேயே நின்றுவிடும். சிறு அளவுக்கு ஊசி போடும் சிரிஞ்ச் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ரெசினுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று, மாற்றிவிடக் கூடாது. இரண்டு நிமிடமாவது மெதுவாகக் கலக்கி, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டி, வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்கினால் ஒட்டும் புள்ளிகள் வராது. கலந்ததைக் கிண்ணத்திலேயே குவியலாக விட்டால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும், தகட்டுத்தாளில் பரப்பி வைத்தால் கூடுதலாகப் பத்து நிமிடம் கைக்கு அடங்கும்.

குமிழி வருவதற்குக் கலக்கும் வேகம் ஒரு காரணம், இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அறை சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சு வழியாக வெளியே வரும். சூடு இறங்கத் தொடங்கும் சாயங்கால வேளையில் பூசினால் காற்று உள்ளே சுருங்கும், குமிழி குறையும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு ஒதுங்கிக் குழி விழும். பெயின்ட் முடிந்ததிலிருந்து கையுறையோடு மட்டும் தொடுங்கள். ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து நீர் சார்ந்த பெயின்டைத் துடைத்தீர்களோ, செதிலும் சேர்ந்து துணியோடு வந்துவிடும்.

வெயிலில் மஞ்சளிக்கும், வெள்ளை வயிற்றில் நன்றாகவே தெரியும். அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும், மூடிய காருக்குள் வெயிலில் விட்ட பெட்டியில் லூர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அதனால்தான். தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும், ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும்.

## ஆயில் வார்னிஷ்

ஆயில் அடிப்படையிலான பாலியூரிதேனோ, படகுக்குப் பூசும் வார்னிஷோ. ஒரு உயரமான குப்பியில் ஊற்றி லூரை முக்கி, மெதுவாக, அவசரமே இல்லாமல் மேலே இழுத்துத் தொங்கவிடுவது. இழுக்கும் வேகம் கூடினால் பூச்சு கனக்கும், வடியும். அடியில் திரளும் கடைசிச் சொட்டைக் காகித நுனியால் ஒற்றி எடுங்கள். முதல் கோட்டுக்கு மூக்கில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்ததற்கு வாலில் கட்டுங்கள், கனம் இரண்டு பக்கமும் சமமாகும்.

நாலு கோட் போட்டாலும் மொத்தக் கனம் 0.1 மி.மீ. அளவுக்குத்தான் வரும். மேலே சொன்ன அதே உடலுக்கு இது அரை கிராம்கூட இல்லை. பால்சாவின் துடிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. பின்லாந்தில் லௌரி ராபாலா 1936இல் செய்த முதல் லூர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் தகட்டுத்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசியது. கிடைத்ததை வைத்துச் செய்தார்தான், ஆனால் இலேசான உடலுக்கு மெல்லிய சவ்வு என்ற சேர்க்கை அன்றைக்கே சரியாக அமைந்துவிட்டது. ஜப்பானில் கைவேலைக்காரர்கள் செல்லுலோஸ் கரைசலில் திரும்பத் திரும்ப முக்கி எடுப்பதும் இதே வழிதான், பொறுமை மட்டும் பத்து மடங்கு வேண்டும்.

வார்னிஷின் செலவு நாட்காட்டியில் ஏறும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கைத் தவறவிட்டால் மறுநாள் வரை காத்திருந்து மெல்லிய உப்புத்தாள் போட்டுத்தான் அடுத்ததைப் பூச வேண்டும். நாலு கோட் முடிய நாலு நாள், அதற்குப் பிறகு தண்ணீரில் போட ஒரு வாரமாவது பொறுத்தால் நல்லது. தூசி வேறு. திறந்த டப்பாவில் மேலே ஆடை படிந்துவிடும். பழைய நைலான் காலுறையில் வடிகட்டுங்கள், சின்னக் குப்பிக்கு மாற்றி உள்ளே கோலிக்குண்டுகளைப் போட்டு வார்னிஷ் மட்டத்தை விளிம்பு வரை ஏற்றி மூடிவிடுங்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் ஆடை படியாது, முக்குவதற்கும் ஆழம் கிடைக்கும்.

நிறம் லேசாகத் தேன் ஏறும், பழுப்பு, பச்சை, பொன் நிற லூர்களுக்கு அது அழகு சேர்க்கும், வெள்ளைக்கும் வெள்ளிக்கும் வேண்டாம். ரப்பர் புழுவோடு ஒரே பெட்டியில் போட்டால் புழுவில் இருக்கும் எண்ணெய் பூச்சை இளக்கிக் கூழாக்கிவிடும், இதற்குத் தனிப்பெட்டி வேண்டும். மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்திருந்தால் முதலில் ஒரு துண்டு மரத்தில் முக்கிப் பாருங்கள், சில மைகள் கலங்கி ஓடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆயில் வார்னிஷோ லின்சீட் எண்ணெயோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துத் தொங்கவிட்டு முழுக்கக் காய்ந்த பிறகு எறியுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.

## யூவி ரெசின்

கலவை இல்லை, மோட்டார் இல்லை, காத்திருப்பும் இல்லை. பூசு, விளக்கில் காட்டு, சில நிமிடத்தில் கல். பொறுமை இல்லாதவர்களுக்கென்றே செய்தது போல இருக்கும். இறுகும் நேரம் உங்கள் கையில் இருப்பதால் பூச்சு எங்கே தேங்குகிறது என்று பார்த்து, சரிசெய்து, அப்புறம் விளக்கைப் போடலாம். கண் ஒட்டவும், தகட்டுத்தாள் ஓரங்களை மூடவும், ஆற்றங்கரையிலேயே ஒரு கீறலை அடைக்கவும் இதை மிஞ்ச ஆள் இல்லை.

முழு உடலுக்கும் இதையே நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பல வகைகள் விறைப்பானவை, இறுகும்போது சுருங்கவும் செய்யும், கனமாக ஒரே தடவையில் பூசினால் ஓரங்களில் இழுத்துக்கொண்டு பெயர்ந்து வரும். மெல்லியதாக இரண்டு தடவை பூசுவதுதான் வழி. வெளிச்சம் படாத இடம் இறுகாது. லிப்புக்கு அடியில், வளையத்தின் பின்புறம், செவுளுக்காக ஆழமாக வெட்டிய கோட்டுக்குள் எல்லாம் பச்சையாகவே நிற்கும், அது துளையின் வாயில் என்றால் தண்ணீர் நுழைய அதுவே போதும். லூரைத் திருப்பித் திருப்பி, கோணம் மாற்றி, தேவைக்கு மேலேயே காட்டுங்கள். காற்று பட்ட மேற்பரப்பு பிசுபிசுப்பாக நிற்கும் வகையாக இருந்தால் ஆல்கஹாலில் துடைத்துவிட வேண்டும். இதில் நிறத்தூள் கலந்து பூசலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், நிறம் வெளிச்சத்தை மறைத்துவிட்டால் மேலே இறுகி உள்ளே கூழாக இருக்கும்.

ஜன்னல் ஓரத்தில் பாட்டிலைத் திறந்து வைத்துப் பூச உட்கார்ந்தால் பிரஷ்ஷும் பாட்டிலின் வாயும் உங்கள் கண் முன்னாலேயே கல்லாகும். விளக்கின் அலைநீளமும் ரெசின் கேட்பதும் ஒத்துப்போகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள், நகப்பூச்சுக்கு விற்கும் சிறு விளக்குகள் பல ரெசின்களுக்குப் போதும், எல்லாவற்றுக்கும் இல்லை. எபாக்ஸிக்குச் சொன்ன கையுறை இங்கேயும் கட்டாயம்.

## ஈரத்தில் இறுகும் யூரிதேன்

காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகும் ஒற்றைப் பாகப் பூச்சு. தண்ணீர் போல நீர்த்தது, ஒரு முக்கு போதும், காய்ந்தால் தெளிவும் கடினமும் அசத்தும். எபாக்ஸியின் பலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், வார்னிஷின் கனம்தான் இருக்கும். அப்படியானால் எல்லோரும் ஏன் இதையே எடுப்பதில்லை? டப்பாதான் காரணம். மூடியைத் திறந்த நொடியிலிருந்து உள்ளே ஈரம் போகும், ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கரண்டி நிற்கும் பதத்தில் இருக்கும். நான் முதல் டப்பாவில் ஐந்து லூர் முக்கினேன், மீதியை அப்படியே தூக்கி எறிந்தேன். லூருக்கு ஆன செலவைக் கணக்குப் போட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது. லூரை முக்கி எடுத்த மீதியை மறுபடி டப்பாவில் ஊற்றக் கூடாது, மூடும் முன் மேலே ஆர்கான் வாயு விட்டு மூடினால் ஆயுள் நீளும். கனமாக நின்ற இடத்தில் வாயு கிளம்பிக் குமிழி விழும். கரைப்பான் வீரியமானது, சரியாக உலராத பெயின்டைச் சுருட்டிவிடும். மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் என்ற ரசாயனம் உள்ளது என்பதால் காற்றோட்டமும் தகுந்த முகக்கவசமும் வேண்டும். 20, 30 லூர்களை ஒரே நாளில் முக்கி எடுப்பவர்களுக்கு இது வரம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று செய்பவருக்கு வேண்டாம்.

## கார் பெயின்டின் 2கே கிளியர்

காருக்கு அடிக்கும், இரண்டு பாகம் கலந்து இறுகும் தெளிவான மேல்பூச்சு இது. பளபளப்பில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை, மஞ்சளிப்பும் குறைவு. ஆனால் ஸ்பிரே செய்யும்போது காற்றில் பறப்பது ஐசோசயனேட் துளி, மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரணத் தூசிக் கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் கவசமும் பெயின்ட் அறையும் இருக்கும் பட்டறை உங்களுடையது என்றால் செய்யுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். அடியில் பொத்தானை அழுத்தித் திறக்கும் ஸ்பிரே டப்பாவும் இதேதான், திறந்த பிறகு ஓரிரு நாளில் உள்ளேயே இறுகிவிடும் என்பது கூடுதல்.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | எபாக்ஸி | ஆயில் வார்னிஷ் | யூவி ரெசின் | ஈரத்தில் இறுகும் யூரிதேன் | 2கே கிளியர் |
|---|---|---|---|---|---|
| எத்தனை கோட் | 1 முதல் 2 | 3 முதல் 5 | 2 மெல்லியவை | 1 முதல் 2 | 2 முதல் 3 |
| தண்ணீரில் போட எப்போது | 2, 3 நாள் | ஒரு வாரத்துக்கு மேல் | அன்றைக்கே | சில நாள் | சில நாள் |
| ஏறும் எடை | அதிகம் | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| பல், பாறை | மிக நன்று | சுமார் | வகையைப் பொறுத்தது | நன்று | நன்று |
| மஞ்சளிப்பு | உண்டு | முதலிலேயே தேன் நிறம் | வகையைப் பொறுத்தது | குறைவு | குறைவு |
| ரப்பர் புழுவோடு வைக்க | பெரும்பாலும் சரி | கூடாது | சோதித்துப் பாருங்கள் | சோதித்துப் பாருங்கள் | சோதித்துப் பாருங்கள் |
| வீணாவது | கலந்த மீதி | ஆடை படிந்தது | ஏறக்குறைய இல்லை | பாதி டப்பா | கலந்த மீதி |
| எங்கே மாட்டிக்கொள்வீர்கள் | கலவை, தேங்கல் | பொறுமை, எரியும் துணி | நிழல் விழும் இடம் | டப்பாவின் ஆயுள் | மூச்சு |

## யார் எதை எடுக்கலாம்

பாஸ்வுட், சீடர், பைன் மாதிரி நடுத்தர மரத்தில் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லூர் செய்து, பாறையும் மரக்கட்டையுமாகக் கிடக்கும் இடத்தில் வீசுபவர் என்றால் எபாக்ஸி. கனமான மரத்தில் கூடும் ஒரு கிராம் அசைவில் தெரியவே தெரியாது.

சின்ன பால்சா லூர், 5, 6 செ.மீ. அளவில், மென்மையான வாயுள்ள மீன்களுக்கு என்றால் வார்னிஷ், ஆனால் முதலில் சூப்பர் குளூவில் ஊற வைத்த உடலில் மட்டும். மெத்தென்ற மரத்தின்மேல் மெல்லிய சவ்வு முட்டை ஓடு மாதிரிதான், அழுத்தினால் நொறுங்கும். அடுத்த சீசனுக்கு இப்போதே செய்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் வார்னிஷ் ஒத்துவரும், அவர்களுக்கு அந்த வாரம் ஒரு பொருட்டில்லை.

யூவியை நான் இரண்டாவது பொருளாக வைத்திருக்கச் சொல்வேன். புது வடிவம் ஒன்றைச் செதுக்கி, இன்றைக்கே தண்ணீரில் போட்டு நீந்துகிறதா என்று பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் வயிற்றை இழைத்து ஈயத்தை நகர்த்த வேண்டும். இந்த வேலைக்கு மூன்று நாள் எபாக்ஸிக்குக் காத்திருப்பது பைத்தியக்காரத்தனம். சோதனை உடலுக்கு யூவி, இறுதி லூருக்கு வேறு.

ஒரே லூரில் இரண்டு வகைப் பூச்சை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். எபாக்ஸி இறுகிய பிறகு 400 எண் உப்புத்தாளால் மங்கலாக்கிவிட்டு மேலே யூவியோ வார்னிஷோ பூசலாம், கீறல் விழுந்த பழைய லூரை மீட்பதும் இப்படித்தான். பச்சை ஈரத்தோடு இருக்கும் வார்னிஷின்மேல் மட்டும் எதையும் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எதைப் பூசினாலும் கொக்கி மாட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் லூரை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள். காலையில் மேலே உள்ள ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடியிருந்தால் எங்கோ குடித்திருக்கிறது, பெரும்பாலும் வளையத்தின் அடியில்தான். நாலைந்து நாள் காய விட்டு, எடை பழையபடி இறங்கிய பிறகு அந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டு அடையுங்கள்.

அந்த ஆறு பால்சா லூர்க்காரருக்கு நான் சொன்னது இது. அவர் இருப்பது ஒரே ஜன்னல் உள்ள அறை, அதனால் யூரிதேனும் 2கேயும் கணக்கிலேயே இல்லை. மரத்தைக் குளூவில் ஊற வைத்தீர்களா என்று கேட்டேன், பிரைமர் மட்டும்தான் அடித்தாராம். அப்படியானால் உடலுக்குப் பலம் மேலிருந்துதான் வந்தாக வேண்டும், வார்னிஷ் அங்கே போதாது. மேஜைக்கு ஊற்றும் எபாக்ஸி, பிரஷ்ஷில் கஞ்சத்தனமாக இரண்டு கோட், ஒரு தடவைக்கு மூன்று லூர், சாயங்காலம் ஆரம்பித்துக் கையாலேயே புரட்டல். வளையத்தின் துளை அடைபடாமல் ஒரு பல்குச்சியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் மூன்றுக்கு முதல் கோட் முடிந்துவிட்டது, ஒன்றில் மட்டும் வால் பக்கம் ஒரு சொட்டு நின்றுவிட்டது என்று படம் வந்தது. கிள்ளி எடுக்கப் பார்க்காதீர்கள், முழுக்க இறுகட்டும், அப்புறம் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளலாம், எப்படியும் இரண்டாவது கோட் அதை மூடப்போகிறது என்று பதில் போட்டிருக்கிறேன்.